சம்மத வயது: ஓர் இசைத்தட்டும் அதன் காலமும்

நாட்டார் பாடல்களிலே மக்களின் வாழ்வையும் எண்ணங்களையும் தேடும் ஆய்வாளர், தொழிற்சாலையில் உற்பத்தியாகிச் சந்தையில் விலைபோகும் இசைத்தட்டினை அவ்வாறு நோக்கப் பெரிதும் தயங்குவர். அத்தயக்கத்திற்கு நியாயமும் உண்டு. இலாபத்தை முன்னிட்டு ஆக்கப்படும் பாடல், பெரும்பாலும் உள்ள நிலைமைக்கு இசைந்து செல்வதாகவே அமைகின்றது. எனினும் சந்தையின் வழியே வந்த படைப்பொன்று, தான் தோன்றிய நாட்டின் சட்டத்தோடு நேருக்கு நேர் நின்று வாதிடுவதும் சிற்சில வேளைகளில் நிகழ்ந்துள்ளது. 1984ஆம் ஆண்டு ஒக்டோபரில் பிரித்தானியாவில் வெளியான 'தி ஏஜ் ஒஃப் கொன்சென்ற்' என்னும் இசைத்தொகுப்பு அத்தகையது. 'சம்மத வயது' என்பது அதன் பொருள். 'பிரொன்ஸ்கி பீற்' என்னும் மூவர் குழு அதனை ஆக்கியது. சட்டநூலிலிருந்து எடுத்த சொல்லொன்று நடன இசைத்தட்டுக்குத் தலைப்பாயமைந்த காரணத்தை விளங்கிக்கொள்வதற்கு அச்சட்டத்தின் வரலாற்றினை முதலில் நோக்குதல் வேண்டும்.

1957இல் வெளியான வுல்பெண்டன் குழுவின் அறிக்கை, வயதுவந்த ஆண்கள் இருவர் மனமொப்பித் தனிமையிற் கொள்ளும் உறவு குற்றமாகக் கொள்ளப்படலாகாது எனப் பரிந்துரைத்தது. பத்தாண்டுகள் கழிந்து, 1967இல் நிறைவேறிய பாலியற் குற்றச் சட்டம் அப்பரிந்துரையை ஏற்றுக்கொண்டது. ஆயின் அச்சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் மட்டுமே உரியதாயிருந்தது. ஸ்கொத்லாந்துக்கு 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே அவ்வுரிமை கிட்டியது. வட அயர்லாந்து, ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1981இல் வழங்கிய தீர்ப்பின் விளைவாக 1982இலேயே அதனைப் பெற்றது.

இச்சட்டங்கள் அனைத்திற்கும் பொதுவான எல்லையொன்று இருந்தது. ஆண் பெண் உறவிற்குச் சம்மத வயது 16 ஆகவும் (வட அயர்லாந்தில் 17 ஆகவும்), ஆண்களுக்கிடையிலான உறவிற்கு அது 21 ஆகவும் வகுக்கப்பட்டது. 1967இல் 21 என்பது ஒருவர் சட்டப்படி முழு வயதினராகும் எல்லையாகவும் இருந்தமையால், அவ்வேறுபாடு ஓரளவு மறைந்து நின்றது. 1969இல் நிறைவேறிய சட்டங்கள் முழு வயதையும் வாக்குரிமை வயதையும் 18 ஆகக் குறைத்தன. அதன் பின்னரும் இவ்வெல்லை மட்டும் அசையவில்லை. இருபது வயது இளைஞனொருவன் அரசாங்கத்தைத் தெரிவுசெய்யலாம். படையிற் சேர்ந்து உயிர்துறக்கலாம். தன் வயதொத்த இன்னோர் ஆணுடன் உறவு கொண்டால் மட்டும் குற்றவாளியாவான். முரண்பாடு வெளிப்படையானது. ஆயினும் அதனை உரத்துக் கூறுவோர் பொதுவாழ்விற் சிலராகவே இருந்தனர்.

இத்தொகுப்பின் இசை வடிவத்திற்கும் தனியானதொரு வரலாறு உண்டு. 1970களின் பிற்பகுதியில், இலத்திரனியல் இசைக்கருவிகளின் விலை குறைந்தது. பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களையோ பலர் சேர்ந்த வாத்தியக் குழுவையோ நம்பியிராத இளைஞர், ஒலியிணைப்பிகளையும் தாளப்பொறிகளையும் கொண்டு இசையமைக்கத் தொடங்கினர். அதே காலப்பகுதியில் 'மியூற்', 'பக்ரரி' போன்ற சிறு சுயேச்சை நிறுவனங்கள் தோன்றி, அத்தகைய இசைக்கு இடமளித்தன. உழைப்பாளர் குடும்பங்களின் பிள்ளைகள் தம் குரலைப் பதிவுசெய்வதற்கு இம்மாற்றம் வழிதிறந்தது எனலாம்.

தொகுப்பின் இறுதிப் பாடல் இவ்வகையிற் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. அதில் இரு பழைய பாடல்கள் ஒன்றாக இணைக்கப்பட்டுள்ளன. ஒன்று, ஜோர்ஜியோ மொரோடரும் பீற் பெலொற்றேயும் தயாரிக்க, டொனா சமர் 1977இற் பாடியது. ஏறத்தாழ முழுவதும் இலத்திரனியல் ஒலியாலேயே ஆன அப்பாடல், பின்வந்த நடன இசைக்கு அடித்தளமிட்டது. மற்றையது 1961இல் ஜோன் லெய்ற்றன் பாடி, ஜோ மீக் தயாரித்த பாடல். மீக் இலண்டனில் தம் வாடகை வீட்டையே ஒலிப்பதிவுக் கூடமாக்கிப் புதுமையான ஒலிகளைப் படைத்தவர், தன்பாலீர்ப்புடையவர், அதன்பொருட்டு 1963இல் நீதிமன்றத்திற் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவர். 1967 பெப்ரவரியில் அவர் இறந்தார். சட்டம் தளர்ந்தது அவ்வாண்டு யூலையில். எனவே இவ்விணைப்பு, இலத்திரனியல் இசையின் இரு கட்டங்களைச் சேர்ப்பதோடு, சட்டத்தின் நிழலில் வாழ்ந்த முன்னோடி ஒருவரையும் நினைவிற்குக் கொண்டுவருகின்றது.

பிரொன்ஸ்கி பீற் குழு 1983இல் இலண்டனில் உருவாயிற்று. பாடகர் ஜிம்மி சொமர்வில், இசைக்கருவியாளர்களான ஸ்ரீவ் பிரொன்ஸ்கி, லாரி ஸ்ரைன்பெக் ஆகிய மூவரும் தம் தன்பாலீர்ப்பினை மறைக்காதவர்கள். சொமர்வில் 1961இல் கிளாஸ்கோவிற் பிறந்தவர். அவர் வளர்ந்த காலத்தில் ஸ்கொத்லாந்தில் எவ்வயதிலும் அவ்வுறவு குற்றமாகவே இருந்தது. 'சிறுநகரப் பையன்' எனப் பொருள்படும் 'ஸ்மோல்ரவுண் போய்' என்னும் அவர்களின் முதற்பாடல் 1984இல் வெளியாகி, பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் மூன்றாமிடத்தை எட்டியது. தன்னை ஏற்காத ஊரையும் குடும்பத்தையும் விட்டு இளைஞனொருவன் தனியே புகைவண்டியேறிச் செல்வதே அதன் பொருள். அடுத்து வந்த 'வை' என்னும் பாடல் வெறுப்பினையும் வன்முறையினையும் நோக்கிக் காரணம் கேட்பது. அது ஆறாமிடத்தைப் பெற்றது. இயந்திரத்தின் சீரான தாளத்தின்மேல், ஆண்குரலின் வழக்கமான எல்லையைத் தாண்டி மேற்ஸ்தாயியிலே சொமர்வில்லின் குரல் எழுகின்றது. ஆடலுக்குரிய தாளமும் துயரத்திற்குரிய குரலும் ஒன்றையொன்று அடக்காது உடன்செல்வதே இப்பாடல்களின் தனிப்பண்பு.

மைக் தோர்ண் தயாரித்த இத்தொகுப்பின் உறையில் இளஞ்சிவப்பு முக்கோணம் இடம்பெற்றது. நாசிகளின் தடுப்பு முகாம்களிலே தன்பாலீர்ப்புடைய கைதிகள் அணிந்திருக்க வேண்டிய அடையாளமாக விளங்கியது அது. உள்ளுறையில், ஐரோப்பிய நாடுகள் ஆண்களுக்கிடையிலான உறவிற்கு வகுத்திருந்த சம்மத வயதுகள் பட்டியலாக அச்சிடப்பட்டிருந்தன. பல நாடுகளை விடப் பிரித்தானியா பின்தங்கியிருப்பதை அதனைக் காண்போர் எவரும் உணரலாம். வசையோ வேண்டுகோளோ இன்றி, வெறும் எண்களை அடுக்கி வைத்தமையே அவ்வாதத்தின் வலிமை. சட்டத்துறையினர் மட்டும் அறிந்திருந்த ஒப்பீடு, இவ்வாறு பதின்ம வயதினரின் படுக்கையறைகளுக்குள்ளும் சென்று சேர்ந்தது.

இங்கு ஒரு முரண்பாட்டையும் குறிப்பிடல் வேண்டும். இத்தொகுப்பினை வெளியிட்ட 'லண்டன் ரெக்கோட்ஸ்', 'பொலிகிராம்' என்னும் பெருநிறுவனத்தைச் சார்ந்தது. தொகுப்பு விற்பனைப் பட்டியலில் நான்காமிடத்தைப் பெற்று இலாபமும் ஈட்டியது. எதிர்ப்பினையும் பண்டமாக்கி விற்கும் ஆற்றல் முதலாளித்துவ உற்பத்தி முறைக்கு உண்டு என்பதற்கு இதனையே சான்றாகக் காட்டலாம். அவ்வாதம் பொய்யன்று, ஆனால் முழுமையானதுமன்று. பெருநிறுவனத்தின் விநியோக வலையின்றி அப்பட்டியல் சிறுநகரங்களை எட்டியிருக்குமா என்பது ஐயமே. படைப்பின் சமூகப் பயனை, அதனை விற்றவர் யார் என்பதை மட்டும் கொண்டு அளவிட முடியாது. அதனை ஆக்கியோர் பின்னர் யாருடன் நின்றனர் என்பதையும் நோக்க வேண்டும்.

தேசிய நிலக்கரிச் சபை 20 சுரங்கங்களை மூடவும் 20,000 பேரின் தொழிலை நீக்கவும் முற்பட்டதை எதிர்த்து, 1984 மார்ச்சில் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் தொடங்கியது. மார்கிரட் தட்சரின் அரசாங்கம் அதனை முறியடிப்பதில் உறுதியாக நின்றது. தொழிற்சங்க நிதி நீதிமன்ற ஆணையால் முடக்கப்பட, தொழிலாளர் குடும்பங்களுக்கு உணவளிக்கும் பொறுப்பு ஆதரவுக் குழுக்களின் கைக்கு வந்தது. மார்க் அஷ்ரன், மைக் ஜக்சன் ஆகியோர் இலண்டனில் தொடங்கிய 'சுரங்கத் தொழிலாளரை ஆதரிக்கும் தன்பாலீர்ப்புடையோர்' என்னும் குழு, தென் வேல்சின் டுலைஸ் பள்ளத்தாக்குப் பகுதி மக்களுக்காக நிதி திரட்டியது. 1984 டிசம்பர் 10ஆந் திகதி கம்டனில் உள்ள 'இலெக்ற்றிக் போல்ரூம்' மண்டபத்தில் அக்குழு நடத்திய நிதியுதவி நிகழ்ச்சியில், பிரொன்ஸ்கி பீற் முதன்மைக் குழுவாகப் பாடியது. 5,650 பவுண் திரண்டது. வேல்ஸ் தொழிலாளர் சார்பில் டாய் டொனவன் மேடையேறி, ஆதரவு இனி இருபுறமும் செல்லும் என உறுதியளித்தார்.

அவ்வுறுதி காக்கப்பட்டது. வேலைநிறுத்தம் 1985 மார்ச்சில் தோல்வியில் முடிந்த போதிலும், அவ்வாண்டு யூனில் இலண்டனில் நடைபெற்ற தன்பாலீர்ப்புடையோர் ஊர்வலத்தின் முன்வரிசையிற் சுரங்கத் தொழிலாளர் தம் பதாகைகளுடன் நடந்தனர். அதே ஆண்டுத் தொழிற்கட்சி மாநாட்டில் தன்பாலீர்ப்புடையோரின் உரிமைகளை ஏற்கும் தீர்மானம் நிறைவேறியது. சுரங்கத் தொழிலாளர் தேசிய சங்கத்தின் வாக்குகளும் அதற்குக் கிடைத்தன.

இதனைத் தொடர்ந்து வெற்றி எளிதாக வந்ததாகக் கருதுதல் தவறு. சொமர்வில் 1985இல் குழுவை விட்டு நீங்கி, ரிச்சட் கோல்சுடன் 'கொமியூனாட்ஸ்' குழுவைத் தொடங்கினார். மார்க் அஷ்ரன் 1987 பெப்ரவரியில், 26ஆம் வயதில், எயிட்ஸ் நோயால் இறந்தார். 1988ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, உள்ளூராட்சி மன்றங்கள் தன்பாலீர்ப்பினை 'ஊக்குவிப்பதை'த் தடைசெய்தது. 1994 பெப்ரவரியில் சம்மத வயதை 16 ஆக்கும் திருத்தம், பொதுச்சபையில் 280க்கு எதிராக 307 வாக்குகளால் தோற்றது. 18 என்னும் இடைநிலையே ஏற்கப்பட்டது. பிரபுக்கள் சபையின் எதிர்ப்பினைப் பாராளுமன்றச் சட்டங்களின் துணைகொண்டு கடந்த 2000ஆம் ஆண்டுச் சட்டம், 2001 சனவரியில் நடைமுறைக்கு வந்தபோதே சமத்துவ வயது கிட்டியது. 28ஆம் பிரிவு ஸ்கொத்லாந்தில் 2000இலும், இங்கிலாந்திலும் வேல்சிலும் 2003இலும் நீக்கப்பட்டது.

இசைத்தட்டு வெளியானமைக்கும் சட்டம் சமமானமைக்கும் இடையே பதினாறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. அவ்விடைவெளியை நிரப்பியவை சங்கங்களின் தீர்மானங்களும், வழக்குகளும், தோற்ற வாக்கெடுப்புகளும், பலரின் பெயரறியா உழைப்பும் ஆகும். பாடல் சட்டத்தை மாற்றிற்று எனக் கூறுவது இவ்வுழைப்பினை மறைப்பதாகும். பாடலுக்குப் பங்கேதும் இல்லை எனின், அதுவும் வரலாற்றுக்குப் பொருந்தாது. ஊரை விட்டுத் தனியே சென்ற இளைஞனின் துயரைப் பொதுத் துயராகக் கேட்கச் செய்தது பாடல். கேட்டவரைத் தம்மினும் வேறான தொழிலாளரோடு ஒரே மண்டபத்தில் நிற்கச் செய்தது இயக்கம். இவ்விரண்டும் கூடிய இடத்திலேயே அவ்விசைத்தொகுப்பின் வரலாற்றுப் பெறுமானம் தங்கியுள்ளது.