ஆப்லிவியன் ரீமாஸ்டர்டு: 125 ஜிபி-க்கு வொர்த்தா பாஸ்?

125 ஜிபி. 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 4: ஆப்லிவியன்' ரீமாஸ்டர்டு பதிப்புக்கு உங்கள் கம்ப்யூட்டரில் இவ்வளவு இடம் காலியாக இருக்கணும். 2006-ல் வந்த ஒரிஜினல் கேட்டது 5 ஜிபி-கூட இல்லை. விலையிலும் அதே கதைதான். பழசு இன்னமும் விற்பனையில் இருக்கும்போது, புதுசுக்கு ஏன் அத்தனை காசு?

2025 ஏப்ரல் 22-ல் அறிவிப்பும் ரிலீஸும் ஒரே நாளில் நடந்தன. பெதஸ்டாவுடன் சேர்ந்து இதை உருவாக்கியது வெர்ச்சுவோஸ் நிறுவனம். புது கேம் என்று நினைச்சிடாதீங்க. உள்ளே சண்டை, கதை, கணக்கு எல்லாத்தையும் ஓட்டுவது அந்தக்கால எஞ்சின்தான். மேலே காட்சியை வரைவது மட்டும் அன்ரியல் எஞ்சின் 5. பழைய வீட்டை இடிக்காமல், புது டைல்ஸ் ஒட்டி பெயின்ட் அடிச்ச மாதிரி. அதனால், டான்டில்வே என்கிற கேரக்டருக்கு டப்பிங் பேசியவர் வசனத்தில் தடுமாறி, திரும்பவும் பேசுகிற அந்த ஃபேமஸ் சொதப்பல்கூட அப்படியே இருக்கு! (நல்லவேளை, அதைத் திருத்தவில்லை.)

முகங்கள், கவசங்கள், வெளிச்சம் எல்லாம் பிரமாதம். ஆனால், ஒரிஜினலின் பளிச் பச்சைப் புல்வெளி இதில் கொஞ்சம் பழுப்பேறிக் கிடக்கிறது. எனக்கு அந்தப் பச்சைதான் பிடிக்கும்.

உண்மையான மாற்றம் லெவல் ஏறுவதில்தான். பழைய ஆப்லிவியனில் நீங்கள் தேர்ந்தெடுத்த ஏழு முக்கியத் திறன்களில் மொத்தம் 10 புள்ளி ஏறினால் ஒரு லெவல். அதற்குள் எந்தெந்தத் திறனை எவ்வளவு வளர்த்தீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பலம், வேகம் போன்றவற்றுக்கு போனஸ். நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போடாமல் ஜாலியாக ஆடியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். உங்கள் லெவல் ஏற ஏற எதிரிகளும் பலமாவார்கள்; நீங்களோ சவலையாகவே இருப்பீர்கள். ரீமாஸ்டர்டில் எல்லாத் திறன்களும் கணக்கில் வரும். லெவலுக்கு 12 புள்ளிகள், விரும்பியதில் போட்டுக்கலாம். ஓடுவதற்குத் தனி பட்டனும் உண்டு. எதிரிகள் கூடவே வளர்வது மட்டும் மாறலை. வழிப்பறித் திருடன் விலை உயர்ந்த கண்ணாடிக் கவசத்தில் வந்து சில்லறை கேட்கும் காமெடி இதிலும் தொடர்கிறது.

மோட் பிரியர்களுக்குப் பழசுதான் சொர்க்கம். ரீமாஸ்டர்டுக்கு பெதஸ்டா அதிகாரபூர்வ மோட் ஆதரவு தரவில்லை. 16 ஜிபி ரேம் இல்லாதவர்களும் யோசிக்காமல் ஒரிஜினலுக்குப் போகலாம்.

ரேம் இருக்கு, ஆனாலும் சந்தேகமா? ஸ்டீமில் வாங்கி 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆரம்பத்தில் வரும் சிறையும் சாக்கடைச் சுரங்கமும் ஸ்மூத்தாகவே ஓடும், அதை நம்பிடாதீங்க. கேரக்டர் முகத்தைச் செதுக்கிக்கொண்டே ஒரு மணி நேரத்தை ஓட்டாமல், சீக்கிரம் சுரங்கத்தைத் தாண்டி வெளியே வாங்க. கேம் திக்கித் திணறுவது அந்தத் திறந்தவெளியில்தான்.