பார்மேசன் சீஸும் பெருங்காய டப்பாவும்



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி பெங்களூரிலிருந்து போன் செய்தாள். அவளுடைய ஏழு வயதுப் பையனுக்கு சீலியாக் நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் கூடாது. அவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதம் அவன் சிறுகுடலைக் கெடுத்துவிடும். "டீச்சர், சப்பாத்தி போச்சு, பிஸ்கட் போச்சு. பார்மேசன் சீஸ்னா அவனுக்கு உயிர். அதையாவது கொடுக்கலாமா?" என்றாள். குரல் கம்மியிருந்தது.

நான் டாக்டர் இல்லை. சமூக அறிவியல் நடத்தியவள். ஆனால் இந்தச் சீஸின் வரலாறு எனக்குக் கொஞ்சம் தெரியும். அதைத்தான் சொன்னேன்.

வட இத்தாலியில் பார்மா, ரெஜியோ எமிலியா என்ற ஊர்களின் பக்கம் இடைக்காலத்தில் கிறிஸ்தவத் துறவிகளின் மடங்கள் இருந்தன. மேய்ச்சல் நிலமும் மாடுகளும் ஏராளம். மிஞ்சிய பாலை நெடுநாள் கெடாமல் வைக்க அவர்கள் கண்ட வழிதான் இந்தக் கெட்டிச் சீஸ். 1254இல் ஜெனோவாவில் எழுதிய ஒரு பத்திரத்திலேயே இதன் பெயர் வருகிறது. அடுத்த நூற்றாண்டில் பொக்காச்சியோ தன் 'டெக்கமரான்' கதை ஒன்றில் துருவிய பார்மேசனால் ஆன ஒரு மலையையே படைத்துவிட்டார்! 1666இல் லண்டன் தீப்பிடித்து எரிந்தபோது சாமுவேல் பீப்ஸ் என்ற அதிகாரி தோட்டத்தில் குழி தோண்டி ஒயினையும் பார்மேசனையும் புதைத்து வைத்தார். நாமாக இருந்தால் நகைப் பெட்டியைத் தேடியிருப்போம்.

அன்றும் இன்றும் சேர்மானம் மூன்றுதான்: பசும்பால், உப்பு, பாலைத் திரிய வைக்கும் ரென்னெட். சுமார் 40 கிலோ எடையுள்ள ஒரு சக்கரத்துக்கு 500 லிட்டருக்கு மேல் பால் வேண்டும். குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும். கோதுமைக்கு இதில் எங்கும் இடமில்லை. பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையையும் நுண்ணுயிர்கள் முதல் சில நாட்களிலேயே தின்றுவிடுவதால், பால் குடித்தால் வயிறு உப்பும் பலருக்கும் இது ஒத்துக்கொள்ளும். பால் புரதமே அலர்ஜி என்றால் தொடக்கூடாது, அது வேறு கதை.

சிக்கல் பெயரில்தான். ஐரோப்பாவில் 1996இலிருந்து அசல் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 'பார்மேசன்' என்று சுருக்கிச் சொன்னாலும் அது அந்த அசலையே நினைவூட்டும் என்று 2008இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. வெளியே பல நாடுகளில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. டப்பாவில் வரும் பொடியில் கட்டி தட்டாமலிருக்க மாவுச்சத்து ஏதாவது கலந்திருக்கலாம். ஆகவே கட்டியாக வாங்கி வீட்டில் துருவிக்கொள், பொடி வாங்கினால் பொருள் பட்டியலைப் படி என்றேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அவர்கள் வீடு சைவம். அசல் பார்மேசனுக்கான ரென்னெட் பால்குடிக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது. அன்றைய துறவிகள் கையாண்ட முறை அது. இன்றும் விதி அதுவே. அவள் வெகுநேரம் பேசவில்லை. "இத்தனை நாள் கொடுத்தேனே டீச்சர்" என்றாள். எனக்கும் சங்கடமாகப் போயிற்று. நுண்ணுயிர் ரென்னெட்டில் செய்த, அதே மாதிரியான சீஸ்கள் கிடைக்கின்றன, பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்கு என்றேன்.

போனை வைக்கும் முன் வேறொன்று நினைவுக்கு வந்தது. "சீஸ் இருக்கட்டும், சாம்பாருக்கு என்ன பெருங்காயம் போடுகிறாய்?" என்று கேட்டேன். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ப்பது வழக்கம். அரைமணி நேரத்தில் டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாள்.

கோதுமை மாவு என்றே போட்டிருந்தது.