துணியும் ஆணையும்: 1934 ஆம் ஆண்டின் நெசவுப்பொருள் ஒதுக்கீடு

ஒரு நாட்டு மக்கள் எத்துணியை வாங்கி உடுத்தல் வேண்டும் என்பதை அவர்தம் பிரதிநிதிகள் தீர்மானிப்பதா, கடல் கடந்த ஆட்சிப்பீடம் தீர்மானிப்பதா? இவ்வினா 1934 ஆம் ஆண்டில் இலங்கையில் எழுந்தது.

1929 இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தினால் தேயிலை, றப்பர் விலைகள் வீழ்ந்தன. மக்களின் வருவாய் சுருங்கியது. 1931 டிசெம்பரில் யப்பான் பொன் நியமத்தைக் கைவிடவே, யென் நாணயத்தின் பெறுமதி பெரிதும் குறைந்தது. யப்பானியத் துணி எங்கும் மலிந்தது. புறக்கோட்டைக் கடைகளில் அதனை விரும்பி வாங்கியோர் செல்வரல்லர். தெமட்டகொடைத் தொழிலாளி போன்ற எளியோரே. மறுபுறம், லங்காசயர் ஆலைகள் தம் சந்தைகளை இழந்து, அங்கும் வேலையின்மை பெருகிற்று.

இந்தியா இச்சிக்கலைப் பேச்சுவார்த்தையாற் தீர்க்க முயன்றது. 1933 இல் பிரித்தானியாவினதல்லாத பருத்தித்துணிமீது 75 வீத வரி விதிக்கப்பட்டது. யப்பானிய ஆலைகள் இந்தியப் பஞ்சை வாங்க மறுத்தன. ஈற்றில் 1934 இல் உடன்பாடு கண்டது: யப்பான் ஆண்டுதோறும் 10 இலட்சம் பொதி பஞ்சு வாங்கின் 32 கோடியே 50 இலட்சம் யார் துணி விற்கலாம், 15 இலட்சம் பொதி வாங்கின் 40 கோடி யார் விற்கலாம். வரியும் 50 வீதமாயிற்று. கொடுப்பதற்குப் பஞ்சு இருந்தமையால் இந்தியா பேரம் பேச முடிந்தது.

இலங்கைக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. இலண்டனில் நிகழ்ந்த பிரித்தானிய–யப்பானியப் பேச்சுக்கள் முறிந்ததும், 1934 மே 7 ஆம் நாள் குடியேற்ற நாடுகளில் அந்நியத் துணிக்கு ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டது. 1927 முதல் 1931 வரையிலான இறக்குமதியின் சராசரியே அதற்கு அளவுகோல். யப்பானிய வணிகம் பெருகுவதற்கு முற்பட்ட ஆண்டுகளை அடிப்படையாகக் கொண்டமையின் உட்பொருள் வெளிப்படை.

கென்யா, உகண்டா முதலியன இதற்கு விலக்காயின. கொங்கோ வடிநிலத்தில் எல்லா நாட்டு வணிகத்துக்கும் சமவாய்ப்பு அளிக்கும் சர்வதேச உடன்படிக்கை அவற்றைக் காத்தது. இலங்கைக்கு அத்தகைய காப்பு இருக்கவில்லை.

எனினும் ஈண்டு அரசாங்க சபை இருந்தது. டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி, 1931 இல் சர்வசன வாக்குரிமையால் தெரிவான சபை அது. உத்தியோகத்தர் பெரும்பான்மை அங்கில்லை. அச்சபை ஒதுக்கீட்டுச் சட்டத்தை இயற்ற முன்வரவில்லை. ஆகவே மன்னரின் ஆலோசனைச் சபைக் கட்டளைவழி அது இலங்கைமீது சுமத்தப்பட்டது. ஒற்றாவா ஏற்பாட்டினால் இலங்கைத் தேயிலை பிரித்தானியச் சந்தையில் வரிச்சலுகை பெற்றது உண்மையே. ஆயினும் அச்சலுகை தோட்டத்துரைமாரைச் சார்ந்தது. துணியின் விலையேற்றமோ ஏழையைச் சார்ந்தது. வாக்குரிமை தந்த கையே அவ்வாக்கின் பயனைப் பறித்தது.

காலம் மாறியது. 1948 இல் இலங்கை காற் உடன்படிக்கையிற் சேர்ந்தது. அது அளவுக் கட்டுப்பாடுகளைப் பொதுவாக விலக்கியபோதும், 1974 இல் எழுந்த பல்லிழை ஏற்பாடு நெசவுப்பொருளுக்குப் புறநடை வகுத்தது. போட்டி நாடுகளுக்கு விதித்த ஒதுக்கீடே 1977 இன் பின் இலங்கை ஆடைத்தொழில் வளரத் துணைசெய்தது. 2005 தொடக்கத்தில் அம்முறை நீங்கிற்று. ஒதுக்கீடு தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று; அதனை வகுக்குமிடத்தில் யாருக்குக் குரல் உண்டு என்பதே ஆராயத்தக்கது. 1934 உணர்த்தும் பாடம் இதுவேயாம்.