திண்டுக்கல் சமவெளியின் எளிய மக்கள்: பதிவேடுகளும் நினைவுகளும்

திண்டுக்கல் சமவெளி என்பது கிழக்கே சிறுமலைக்கும் மேற்கே பழனி மலைத்தொடருக்கும் இடையில் அமைந்த மேட்டு நிலப்பகுதி. திண்டுக்கல் நகரம், சின்னாளபட்டி, ஆத்தூர், நிலக்கோட்டை, வேடசந்தூர் ஆகிய ஊர்களும் அவற்றைச் சுற்றியுள்ள கிராமங்களும் இதில் அடங்கும். குடகனாறு இப்பகுதியின் வழியாக வடக்கு நோக்கி ஓடி அமராவதியில் கலக்கிறது. மதுரை மாவட்டத்திலிருந்து 1985 செப்டம்பர் 15 அன்று திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது.

திண்டுக்கல்லின் வரலாறு என்றால் பெரும்பாலும் மலைக்கோட்டையின் வரலாறே சொல்லப்படுகிறது. மதுரை நாயக்கர்கள், ஐதர் அலி, திப்பு சுல்தான், கிழக்கிந்தியக் கம்பெனி என்று ஆட்சி மாறிய வரிசை பாடநூல்களில் உள்ளது. அதே காலத்தில் கிணற்றில் நீர் இறைத்தவர்கள், தோல் ஊறவைத்தவர்கள், சுருட்டுச் சுற்றியவர்கள், பூட்டு அராவியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது அவ்வளவாக எழுதப்படவில்லை. அவர்களைப் பற்றிய செய்திகள் எங்கே கிடைக்கின்றன, எவை விடுபட்டுள்ளன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அரசுப் பதிவேடுகள்

1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் திண்டுக்கல் பகுதியைக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். அதன்பின் நில அளவை, வரி விதிப்பு, தண்டல் கணக்கு என்று எழுத்துப் பதிவுகள் பெருகின. சென்னை மாகாணத்தில் 1871 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்து 1906-இல் வெளிவந்த மதுரை மாவட்ட விவரச்சுவடி, திண்டுக்கல்லின் புகையிலை, தோல் தொழில்களைப் பற்றிப் பேசுகிறது.

கிராம அளவில் கணக்கு எழுதியவர் கர்ணம். பரம்பரையாக வந்த இப்பதவி 1980-இல் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் பதவி ஏற்படுத்தப்பட்டது. கர்ணத்தின் கணக்கில் பட்டாதாரர் பெயர், சர்வே எண், பயிர், தீர்வை ஆகியவை இருக்கும். அந்த நிலத்தில் உழுத பண்ணையாளின் பெயர் பெரும்பாலும் இருக்காது. களை எடுத்த பெண்ணின் பெயரும் இருக்காது. வரி யாரிடம் வாங்குவது என்பதை அறியவே அந்தக் கணக்கு எழுதப்பட்டது. யார் உழைத்தார் என்பது அதற்குத் தேவைப்படவில்லை.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு இன்னொரு நல்ல ஆதாரம். மாணவர் பெயருடன் தந்தை பெயர், தொழில், சாதி, ஊர், பள்ளியை விட்டு நீங்கிய நாள் ஆகியவை அதில் வரிசையாக இருக்கும். எந்த வகுப்போடு எத்தனை பெண் குழந்தைகள் நின்றார்கள் என்பதை அதிலிருந்தே கணக்கிடலாம். ஆனால் பிறந்த தேதியை அப்படியே நம்பக்கூடாது. வீட்டில் பிரசவித்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்று இல்லாத காலத்தில், வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது ஆயிற்று என்று கொண்டு, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்துக்குப் பொருந்துமாறு ஒரு தேதியைத் தலைமையாசிரியரே எழுதுவார். ஊரில் முதியவர் பலருக்கும் மே, ஜூன் மாதங்களிலேயே பிறந்தநாள் வருவதன் காரணம் இதுதான். ஆசிரியராக நானும் அப்பதிவேடுகளைக் கையாண்டிருக்கிறேன்.

கிறித்தவ ஊர்களில் ஞானஸ்நான, திருமண, இறப்புப் பதிவேடுகள் உள்ளன. திண்டுக்கல்லிலும் பஞ்சம்பட்டி போன்ற ஊர்களிலும் நெடுங்காலமாகக் கத்தோலிக்கர் வாழ்கின்றனர். வேறு எந்த ஏட்டிலும் இடம்பெறாத ஏழைக் குடும்பங்களின் பெயர்கள் தலைமுறை வரிசையில் கிடைக்கக்கூடிய இடம் இதுவே.

கமலைக் கிணறு

மழை குறைந்த இச்சமவெளியில் கம்பு, சோளம், நிலக்கடலை போன்ற புஞ்சைப் பயிர்களே அதிகம். தோட்டப் பயிருக்குக் கிணறே ஆதாரம். மின்சார பம்புசெட் பரவுவதற்கு முன் கமலை கொண்டு நீர் இறைத்தார்கள். கிணற்றை ஒட்டிய சரிவான தடத்தில் இரண்டு மாடுகள் இறங்கும்போது, வடக்கயிற்றில் கட்டிய சால் நீரோடு மேலே வரும். அதன் அடியில் பொருத்திய தோல் வால் வழியாக நீர் தொட்டியில் கொட்டும். பிறகு மாடுகள் பின்னோக்கி ஏற, சால் மீண்டும் கிணற்றுக்குள் இறங்கும். விடியற்காலையிலேயே இறைப்புத் தொடங்கிவிடும். சால் எண்ணிக்கை தவறாமலிருக்கப் பாட்டுப் பாடுவது வழக்கம்.

ஒரு கமலைக்குப் பின்னால் பலர் இருந்தார்கள். மாடு ஓட்டியவர் ஒருவர். வாய்க்காலில் மடை திருப்பியவர் பெரும்பாலும் வீட்டுப் பெண் அல்லது சிறுவர். தோல் வாலைத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். மரவேலை, இரும்பு வேலை செய்தவர்கள் தச்சரும் கொல்லரும். இவர்களுக்குக் கூலி ஆண்டுக்கொருமுறை களத்துமேட்டில் தானியமாக அளக்கப்பட்டது. விளைச்சல் பொய்த்தால் கூலியும் பொய்க்கும். 1950-களுக்குப் பின் பம்புசெட் பரவியபோது மாட்டுக்கும் மனிதருக்கும் பாடு குறைந்தது. ஆனால் தோல் தைத்தவர்களுக்குக் களத்தில் கிடைத்து வந்த தானியமும் அத்துடன் நின்றது. இந்த இரண்டாவது விளைவு வேளாண்மை வரலாறுகளில் அதிகம் பேசப்படுவதில்லை.

தாது வருடப் பஞ்சம்

1875-இல் திருச்சி–மதுரை ரயில் பாதை திண்டுக்கல் வழியாகத் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பெரும்பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அப்பஞ்சத்தை மக்கள் தாது வருடப் பஞ்சம் என்றே நினைவில் வைத்தார்கள். ரயிலில் தானியம் வந்தாலும் அதை வாங்கக் கையில் காசில்லாதவர்களுக்கு அது உதவவில்லை. வேலையும் கூலியும் அற்றுப்போனதே அவர்களின் பஞ்சம்.

மதுரைச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணிகளின் பின்னால் ஆட்கள் போவது அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. முதலில் காப்பித் தோட்டம், பிறகு தேயிலை. அப்படிப் போனவர்களின் வழித்தோன்றல்கள் ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திரும்ப நேர்ந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்பது அவ்வொப்பந்தம். தாயகம் திரும்பிய குடும்பங்கள் பல கொடைக்கானல் மலைப்பகுதியில் குடியேறின. பூர்விக ஊர் எது என்று தேடி வந்த சிலருக்குத் தாத்தாவின் பெயரும் குலதெய்வத்தின் பெயரும் மட்டுமே ஆதாரமாக இருந்தன.

தோல் ஷாப்புகள்

திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஆலைகளைத் தோல் ஷாப்பு என்பார்கள். பேகம்பூர் பகுதி இதற்குப் பெயர்பெற்றது. ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றைக் கொண்டு பதனிட்ட தோல் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியானது. பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிரும் சவ்வும் நீக்கி, பட்டைச் சாற்றில் போடுவது வேலை. குழியில் இறங்கி நின்றவர்களின் கைகால்கள் சுண்ணாம்பில் வெந்து புண்ணாகும். தொழிலாளர்களில் பெரும்பாலோர் பட்டியல் சாதியினர். முன்பணம் வாங்கியவர் அதை அடைக்கும்வரை அதே ஷாப்பில் உழைக்க வேண்டியிருந்தது. அடைக்க முடியாமல் மகனையும் அதே வேலைக்கு அனுப்பியவர்கள் உண்டு.

இத்தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியவர்களில் பொதுவுடைமை இயக்கத்தின் ஏ. பாலசுப்பிரமணியம் முக்கியமானவர். திண்டுக்கல்லில் வழக்கறிஞராகப் பணியாற்றிய டி. செல்வராஜ், இத்தொழிலாளர்களின் வாழ்வையும் போராட்டத்தையும் ‘தோல்’ என்ற நாவலாக எழுதினார். அதற்கு 2012-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. பதிவேடுகள் சொல்லாத ஒரு வரலாற்றை ஒரு நாவல் காப்பாற்றிய நிகழ்வு இது. தோல் ஆலைக் கழிவால் சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பேறியது இவ்வரலாற்றின் மற்றொரு பக்கம். அதில் பாதிக்கப்பட்ட சிறு விவசாயிகளின் அனுபவமும் திரட்டப்பட வேண்டும்.

சுருட்டு, பூட்டு, நெசவு

திண்டுக்கல் சுருட்டு ஆங்கிலேயர் காலத்தில் கடல் கடந்து புகழ்பெற்றது. ஸ்பென்சர் நிறுவனம் இங்கே சுருட்டு ஆலை நடத்தியது. சர்ச்சில் புகைத்தது திண்டுக்கல் சுருட்டு என்று ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அதைச் சுற்றிய தொழிலாளி ஒருவரின் பெயரையாவது யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு முதல் கோயில் கதவுகளுக்கான பெரிய பூட்டுகள் வரை ஒவ்வொன்றின் நெம்புகோல்களும் சாவியும் கையால் அராவிப் பொருத்தப்பட்டவை. திண்டுக்கல்லைச் சுற்றிய கிராமங்களில் வீட்டுத் திண்ணையே பட்டறையாக இருந்தது. அலிகரிலிருந்து வந்த இயந்திரப் பூட்டுகள் விலை குறைவாக இருந்ததால் தொழில் நலிந்தது. குறியீடு கிடைத்த காலத்தில் தொழிலில் எஞ்சியிருந்தோர் பெரும்பாலும் வயதானவர்கள். அவர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

சின்னாளபட்டியில் தறி நெசவும் சுங்குடிச் சேலையும் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டன. சேலைக்கு ஊரின் பெயர் நிலைத்தது. முடிச்சுப் போட்ட பெண்களின் விரலுக்குக் கிடைத்த கூலி என்ன என்பதை அவர்களிடம் கேட்டால்தான் தெரியும். நூற்பாலைகள் பெருகிய பின் கிராமத்துப் பெண்பிள்ளைகள் மில் வேனில் ஏறத் தொடங்கினார்கள். திருமணத்துக்குத் தொகை சேர்த்துத் தருவதாகச் சொல்லி இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கிய முறை ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் 2000-களில் விவாதத்துக்கு உள்ளானது. அன்று வேலைக்குப் போனவர்கள் இன்று நடுவயதை நெருங்குகிறார்கள். இவர்களின் அனுபவமும் வரலாறே.

நினைவுகளைத் திரட்டும் முறை

முதியவர்களிடம் ஆண்டு கேட்டால் பதில் வராது. நிகழ்ச்சியைச் சொல்லிக் கேட்டால் வரும். 1977-இல் வெள்ளம் கரைமேல் ஏறிக் குடகனாறு அணை உடைந்தது வேடசந்தூர் வட்டாரத்தில் அப்படியொரு அடையாளம். அணை உடைந்ததற்கு முன்னா பின்னா என்று கேட்டால் திருமணம், பிரசவம், நிலம் விற்றது எல்லாவற்றையும் அவர்கள் வரிசைப்படுத்திச் சொல்லிவிடுவார்கள்.

இங்கிலாந்தில் ஜார்ஜ் எவார்ட் எவன்ஸ் என்பவர் சஃபோக் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் குடியிருந்தபோது, அண்டை வீட்டு முதியவர்களிடம் பேசித் திரட்டிய செய்திகளை 1956-இல் நூலாக்கினார். டிராக்டர் வருவதற்கு முந்தைய உழவு வாழ்க்கையைக் கண்ணால் கண்ட கடைசித் தலைமுறை அது. அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் கவுண்டி வரலாற்றுச் சங்கங்கள் பண்ணைக் குடும்பங்களின் கடிதம், நாட்குறிப்பு, கணக்கு நோட்டு ஆகியவற்றைச் சேர்த்து வைக்கின்றன. நம் ஊரில் எழுதத் தெரியாதவர்கள் நாட்குறிப்பு விட்டுச் சென்றிருக்க மாட்டார்கள். ஆகவே நம்மிடம் பேச்சே முதன்மையான ஆதாரம்.

மாணவர்கள் இதைச் செய்யலாம். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்தாலே போதும். சொல்பவரின் சம்மதத்தை முதலில் பெற வேண்டும். பொதுவாக ‘அந்தக் காலம் எப்படி இருந்தது’ என்று கேட்பதைவிட, என்ன கூலி, எதில் அளந்தார்கள், எந்த மாதத்தில் அடுப்பு எரியவில்லை, யாரிடம் கடன் வாங்கினீர்கள், குடிதண்ணீர் எந்தக் கிணற்றில் எடுக்க விட்டார்கள் என்று கேட்பது நல்லது. நிலம் வைத்திருந்தவரிடமும் அந்த நிலத்தில் கூலிக்குப் போனவரிடமும் தனித்தனியே கேட்க வேண்டும். இருவர் சொல்வதும் ஒத்துப்போகாத இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் கிடக்கும் புரோநோட்டு, சங்கச் சந்தா ரசீது, இலங்கைக் கடவுச்சீட்டு, பழைய ரேஷன் கார்டு ஆகியவற்றைப் படமெடுத்து, யாருடையது என்று எழுதி வைக்க வேண்டும்.

கமலை ஓட்டியவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்களும் கையால் பூட்டு அராவியவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். அவர்களின் பெயர் கர்ணம் கணக்கில் இல்லை. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர் ஒருவர், வீட்டிலுள்ள மூத்தவரின் பெயர், பிறந்த ஊர், செய்த வேலை, வாங்கிய கூலி ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதினால், இதுவரை எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஒருவர் திண்டுக்கல் வரலாற்றில் இடம்பெறுவார்.