எழுத்தில் உள்ள பொலிஸ்

கொக்குவில், குளப்பிட்டியில் 2016 ஒக்டோபர் 20ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்தனர். வீதி விபத்து என்றே முதலில் கூறப்பட்டது. பிரேத பரிசோதனையில் துப்பாக்கிச் சூடு தெரியவந்தபின் ஐந்து பொலிசார் கைதாகினர். அப்போது வட மாகாண முதலமைச்சராக இருந்தவர் உயர் நீதிமன்ற முன்னாள் நீதியரசர் சி.வி.விக்னேஸ்வரன். ஆயுட்காலம் முழுவதும் சட்டத்தோடு வாழ்ந்த அவருக்கு, தமது மாகாணத்தில் ஒரு கான்ஸ்டபிளை அழைத்து விளக்கம் கேட்கும் அதிகாரம்கூட இருக்கவில்லை.

ஆனால் எழுத்தில் அந்த அதிகாரம் உண்டு. 1987 ஜூலை இலங்கை - இந்திய ஒப்பந்தத்தின் பேறாக அவ்வாண்டு நவம்பரில் நிறைவேறிய 13ஆவது திருத்தத்தின் பின்னிணைப்பொன்று இதற்கென்றே எழுதப்பட்டது. மாகாணப் பொலிஸ் பிரிவின் தலைவரான பிரதிப் பொலிஸ் மாஅதிபரை, முதலமைச்சரின் இணக்கத்துடன் பொலிஸ் மாஅதிபர் தெரிவு செய்ய வேண்டும். மாகாணத்தின் பொது ஒழுங்கு விடயத்தில் அவர் முதலமைச்சரின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர். அரசுக்கு எதிரான குற்றங்கள், நாணய, தேர்தல் குற்றங்கள் போன்றவை தேசியப் பிரிவுக்குரியவை. தேசிய பாதுகாப்பும் மத்திக்கே. வழக்குத் தொடுக்கும் சட்டமா அதிபரும் கொழும்பிலேயே இருப்பார். பிரிவினைக்கு வழி என்று இதைச் சொல்பவர்கள் அந்தப் பக்கங்களைப் படித்தார்களா என்பது எனது நீண்டநாள் ஐயம்.

எதிர்வாதத்தில் ஒன்றை மட்டும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. வடக்கு - கிழக்கு மாகாண சபைக் காலத்தில், 1989இல், இந்தியப் படையின் அனுசரணையுடன் இளைஞர்களை வீதியில் பிடித்துத் தமிழ்த் தேசிய இராணுவம் என்றொன்று அமைக்கப்பட்டது. பிள்ளைகளை வீட்டுக்குள் ஒளித்து வைத்த தாய்மார் அதை மறக்கவில்லை. எனினும் அது சட்டம் சொன்ன பொலிஸ் அல்ல. சட்டத்துக்குப் புறம்பாக முளைத்த படை.

சட்டம் சொன்ன பொலிஸ் இல்லாததன் விலையை நான் பொலிஸ் நிலைய வாங்குகளில் கண்டிருக்கிறேன். தமிழில் சொன்ன முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்படும். முறைப்பாட்டாளர் வாசிக்க முடியாத தாளில் ஒப்பமிடுவார். பின்னாளில் மன்றில் அவரை மடக்குவதும் அதே தாள்தான்.

2023 ஜூலையில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, பொலிஸ் அதிகாரம் நீங்கலாக 13ஐ நடைமுறைப்படுத்தலாம் என்றார். வட மாகாண சபையின் பதவிக்காலமோ 2018 ஒக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அதன் ஐந்தாண்டுகளில் அந்தப் பின்னிணைப்பின் ஒரு வரியும் வடக்கில் செயற்பட்டதில்லை. தெற்கில் உள்ள மாகாண சபைகளுக்கும் அது கிடைக்கவில்லை. அங்கே அதை யாரும் பெரிதாகக் கேட்டதுமில்லை.