அடித்தவர் கதையும் அடிக்காதவர் கணக்கும்

பரிசுச் சீட்டில் பெருந்தொகை அடித்தவரைப் பற்றி மலேசிய நாளிதழ்களில் வரும் செய்திகள் ஏறத்தாழ ஒரே வார்ப்பில் அமைந்தவை. பெயர் இராது, வயதும் மாநிலமும் இருக்கும். எண், பிள்ளையின் பிறந்தநாளிலிருந்தோ கார் எண்ணிலிருந்தோ கனவிலிருந்தோ கிடைத்திருக்கும். பணம் கடனை அடைக்கவும் படிப்புக்கும் போகும். இவற்றுள் பல, சீட்டு விற்கும் நிறுவனத்தின் அறிக்கையை ஒட்டி எழுதப்படுபவை. பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் விற்பவரே தேர்ந்து கொடுத்த உண்மை அது.

சிலாங்கூரின் அசாம் ஜாவா, ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டப்புறங்களில் இந்தச் செய்திக்குச் செவி அதிகம். எண் சீட்டு வாங்குவதைச் சுட்டும் ‘நம்பர் எடுப்பது’, ‘ஏக்கோர்’ என்பவை அங்கே விளக்கம் தேவைப்படாத சொற்கள். அடித்தவர் விருந்து வைக்கிறார், ஊருக்கே தெரிகிறது. அடிக்காதவர் வீட்டில்கூடச் சொல்வதில்லை. நாளிதழ் செய்யும் அதே தேர்வை ஊர்ப்பேச்சும் செய்துவிடுகிறது.

நான்கு இலக்க எண் சீட்டான மேக்னம் 4டியில் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். ‘பெரிய’ முறையில் ஒரு வெள்ளி கட்டினால் முதல் பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. அடுத்துப் பத்து எண்களுக்குத் தலா 180, மேலும் பத்துக்குத் தலா 60. பத்தாயிரம் எண்களுக்கும் ஒவ்வொரு வெள்ளி கட்டினால் திரும்புவது மொத்தம் 6,400. ஒரு வெள்ளிக்கு 64 காசு.

புதன், சனி, ஞாயிறு தோறும் பத்து எண்களுக்குத் தலா ஒரு வெள்ளியாகப் பத்து வெள்ளி கட்டும் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். ஆண்டுக்கு 1,560 வெள்ளி. 2025இல் 1,700 வெள்ளியாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளத்தில் ஏறத்தாழ ஒரு மாதக் கூலி. முதல் பரிசு அவருக்குச் சராசரியாக ஆறரை ஆண்டுக்கு ஒருமுறை வரும். அதற்குள் பத்தாயிரம் வெள்ளி கட்டியிருப்பார். சிறு பரிசுகளையும் சேர்த்தால்கூட 3,600 வெள்ளி நட்டம். அவர் அடித்த அன்று ஊர் பேசுவது 2,500ஐ மட்டுமே.

58 எண்களில் ஆறைச் சரியாகச் சொல்ல வேண்டிய சுப்ரீம் டோட்டோ 6/58 சீட்டின் நிலை இன்னும் கடினம். ஒரு சீட்டுக்குப் பெரும்பரிசு விழும் வாய்ப்பு 4 கோடியே 4 இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றில் ஒன்று. மலேசியாவின் மக்கள்தொகையைவிடப் பெரிய எண் அது.

2022 செப்டம்பரில் கேரள ஓணம் பம்பர் பரிசுச் சீட்டில் 25 கோடி ரூபாய் அடித்த திருவனந்தபுரம் ஆட்டோ ஓட்டுநர், சமையல் வேலைக்கு மலேசியா வரவிருந்தவர். வரி முதலிய பிடித்தங்கள் போகக் கைக்கு வருவது பதினைந்து கோடிச் சொச்சம் என்றனர். சில நாள்களிலேயே, உதவி கேட்டு வருவோரின் தொல்லையால் வீட்டில் இருக்க முடியவில்லை, பரிசே விழாமல் இருந்திருக்கலாம் என்றார். அது செய்தியானது பாராட்டத்தக்கது. ஆயினும் அந்தக் குலுக்கலுக்கு விற்ற அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட 500 ரூபாய்ச் சீட்டுகளை வாங்கிய பிறர் வெறும் எண்ணிக்கையாகவே நின்றனர். கடன் வாங்கிச் சீட்டு எடுத்தவர் வீட்டு வாசலில் எந்தக் கேமராவும் நிற்கவில்லை.

கூலி இப்படிக் கரையும் கவலை தோட்டப்புறத்துக்குப் புதிதல்ல. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கேட்டனர். கூலி எந்த வழியாகக் கரைகிறது என்பதை அவர்கள் தெளிவாகவே அறிந்திருந்தனர். அந்த மக்களின் பேரப்பிள்ளைகளுக்காக அச்சாகும் தமிழ் நாளிதழ்கள், பரிசுச் செய்தி வெளியிடும் ஒவ்வொரு முறையும் அது நிறுவன அறிக்கையானால் அதையும், வெல்லும் வாய்ப்பு எத்தனையில் ஒன்று என்பதையும் அதே பத்தியில் சேர்த்து அச்சிட வேண்டும்.