டர்போ தயக்கம் இயல்பா, கோளாறா? டர்போசார்ஜரை மாற்றும் முன் அறிய வேண்டியவை

மும்பை: ஆக்சிலரேட்டரை அழுத்திய பின்னும் ஓரிரு நொடிகள் தயங்கி, பிறகு திடீரெனப் பாய்வது டர்போ இன்ஜின் பொருத்தப்பட்ட எஸ்யூவி வாகனங்களில் பரவலாகக் காணப்படும் ஒன்று. 'டர்போ லேக்' எனப்படும் இந்தத் தயக்கம் ஓர் அளவு வரை இன்ஜினின் இயல்பு. அதைத் தாண்டினால் கோளாறு. இரண்டையும் பிரித்தறியாமல் டர்போசார்ஜரையே மாற்றினால், பல பத்தாயிரம் ரூபாய் செலவழித்த பின்னரும் குறை நீடிக்கக்கூடும்.

தயக்கம் ஏற்படுவது ஏன்?

இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் செலுத்துகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி 1905-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாடே டர்போசார்ஜரின் அடிப்படை. தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் சுழல வல்லது. ஆனால் இன்ஜின் மெதுவாக ஓடும்போது புகையின் விசை போதாது. அந்த விசை கூடும்வரை உள்ள இடைவெளியே தயக்கமாக உணரப்படுகிறது.

2016-இல் அறிமுகமான மாருதி விட்டாரா பிரெஸ்ஸா டீசல் காரின் 1,248 சிசி இன்ஜின், 200 நியூட்டன் மீட்டர் இழுவிசையை 1,750 ஆர்பிஎம்-இல் எட்டும். 2011-இல் வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி500-இன் 2.2 லிட்டர் இன்ஜின், 330 நியூட்டன் மீட்டர் இழுவிசையை 1,600 ஆர்பிஎம்-இல் எட்டும். இந்த எல்லைக்குக் கீழே இரண்டுமே சற்றுத் தளர்ந்தே இழுக்கும். அது பழுது அன்று.

மும்பைச் சாலைகளின் பங்கு

தாராவி 90 அடி சாலை, மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள், செம்பூர் சிக்னல்கள் எனத் தினமும் முதல் இரண்டு கியர்களிலேயே ஊர்ந்து செல்லும் டீசல் வாகனத்தில் புகைக்கரி எளிதில் படியும். இஜிஆர் வால்வு, டர்போவின் உள் இதழ்கள், டிபிஎஃப் எனப்படும் புகைத்துகள் வடிகட்டி ஆகியவை இதனால் அடைபடுகின்றன. நகருக்குள் பெரிதாகத் தெரியாத இக்குறை, குடும்பத்தினரையும் சுமைகளையும் ஏற்றிக்கொண்டு புனே செல்லும் வழியில் கண்டாலா மலையேற்றத்தில் வெளிப்படும். லாரியை முந்தும் வேளையில் இரண்டு நொடித் தயக்கம்கூட ஆபத்தானது.

பிரித்தறியும் முறை

வாங்கிய நாள் முதல் ஒரே அளவில் இருக்கும் தயக்கம் பெரும்பாலும் இயல்பானது. அண்மையில் தொடங்கியதோ, நாளடைவில் கூடுவதோ கோளாறின் அடையாளம். கரும்புகை, நீலப்புகை, புதிய சீழ்க்கை ஒலி, எரியும் இன்ஜின் விளக்கு ஆகியவை அதை உறுதிப்படுத்தும். இன்ஜின் சூடான பின், நெரிசலற்ற சாலையில், மூன்றாம் கியரில் 1,500 ஆர்பிஎம்-இலிருந்து வேகம் கூட்டிப் பார்க்கலாம். 2,500 ஆர்பிஎம் கடந்தும் இழுவை வராவிட்டால் பரிசோதனை அவசியம்.

சோதனை வரிசை

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவதே முறை.

1. ஏர் ஃபில்டர் அடைத்துள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

2. டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாகச் செல்லும் ரப்பர் குழாய்களில் வெடிப்பு, தளர்ந்த கிளாம்ப், எலிக்கடி உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். இணைப்பைச் சுற்றிப் புதிய எண்ணெய்க் கசிவு இருந்தால் காற்றும் அங்கேயே கசியக்கூடும்.

3. வேக்குவம் குழாய்களையும், டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டரின் கம்பி தடையின்றி அசைகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும்.

4. ஸ்கேனரை இணைத்துக் குறியீடுகளைப் படிக்க வேண்டும். 'பி0299' என்பது அழுத்தக் குறைவைச் சுட்டும் குறியீடு; டர்போ கெட்டுவிட்டது என்பதற்கான தீர்ப்பு அன்று. இன்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால், கடல் மட்டத்தில் உள்ள மும்பையில் அழுத்த சென்சார் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். அதிகம் வேறுபட்டால் சென்சாரே ஐயத்திற்குரியது. வண்டி ஓடும்போது, கணினி கோரும் அழுத்தத்தையும் கிடைக்கும் அழுத்தத்தையும் ஒப்பிட வேண்டும்.

5. இஜிஆர் வால்வு, காற்றளவு சென்சார், டிபிஎஃப் ஆகியவற்றின் நிலையை அறிய வேண்டும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தால் மட்டுமே டர்போவின் தண்டைச் சோதிக்க வேண்டும். பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இயல்பு. முன்பின் அசைவு உணரப்பட்டாலோ, இதழ்கள் உறையில் உரசியிருந்தாலோ டர்போ பழுதடைந்துள்ளது எனலாம்.

மாற்றும்போது கவனம்

பல டர்போக்கள் எண்ணெய்ப் பற்றாக்குறையால் கெடுகின்றன. ஆயில் செல்லும் குழாய் கரியால் அடைபட்டிருப்பதைக் கவனிக்காமல் புதிய டர்போவைப் பொருத்தினால், அதுவும் விரைவில் பழுதாகும். எனவே ஆயில், ஆயில் ஃபில்டர் ஆகியவற்றுடன் அந்தக் குழாயையும் மாற்றுவது நல்லது. இன்ஜினை இயக்கும் முன் டர்போவுக்குள் ஆயில் நிரப்பப்பட வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

டிபிஎஃப் வடிகட்டியை அகற்றுவது, இஜிஆர் வால்வை அடைப்பது போன்ற குறுக்குவழிகள் மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் புறம்பானவை. உற்பத்தியாளரின் வடிவமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. உத்தரவாதமும் இழக்கப்படலாம். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பிஎஸ்-6 விதிகளுக்கு உட்பட்ட டீசல் கார்களில், வடிகட்டி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளத் தடையற்ற ஓட்டம் தேவை. செம்பூரிலிருந்து தென்மும்பைக்குச் செல்லும், ஏறத்தாழ 17 கி.மீ. நீளமுள்ள ஈஸ்டர்ன் ஃப்ரீவே போன்ற சாலையில் சீரான வேகத்தில் அவ்வப்போது ஓட்டுவது இதற்கு உதவும்.

இயல்பான தயக்கத்திற்கு ஓட்டும் முறையே மருந்து. முந்துவதற்கு முன்பே ஒரு கியர் குறைத்து, இன்ஜினை 2,000 ஆர்பிஎம்-ஐ ஒட்டி வைத்துக்கொண்டால் டர்போ ஆயத்தமாக இருக்கும். ஆட்டோமேட்டிக் வாகனங்களில் ஸ்போர்ட் அல்லது மேனுவல் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். நீண்ட மலையேற்றத்திற்குப் பின் இன்ஜினை உடனே அணைக்காமல், ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிடுவது டர்போவின் ஆயுளைக் கூட்டும்.